கால்பந்து அணிக்கு நல்ல கேப்டன்: தேர்வு முதல் கடைசி விசில் வரை முழுமையான வழிகாட்டி

தொண்ணூறு நிமிட ஆட்டம் என்று சொல்கிறோமே தவிர, பெரிய லீக் போட்டிகளில்கூடப் பந்து உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 55 முதல் 60 நிமிடம்தான். எஞ்சிய நேரம் த்ரோ-இன், கார்னர், ஃப்ரீ கிக், காயம், ஆள் மாற்றம், கோல் விழுந்தபின் நடுக்கோட்டுக்குத் திரும்புதல் என்று கழிகிறது. பந்து ஓடும்போது கேப்டனும் பதினொருவரில் ஒருவர். அவருடைய பொறுப்பு வெளிப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான். கேப்டனைத் தேடும் பயிற்சியாளரும், கைப்பட்டையை முதன்முறையாக அணியப்போகும் வீரரும் இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் படிகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது தானே விளங்கும்.

ஆட்ட விதிகள் கேப்டனுக்குத் தருவது மிகக் குறைவு. விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பின் விதிப்புத்தகம், கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது என்றும், அணியின் நடத்தைக்கு அவர் ஓரளவு பொறுப்பாளி என்றும் கூறுகிறது. கிரிக்கெட் கேப்டன் பந்துவீச்சாளரை மாற்றுகிறார், ஃபீல்டிங்கை அமைக்கிறார், டிஆர்எஸ் கேட்கிறார். கால்பந்தில் ஆள் மாற்றமும் உத்தியும் பயிற்சியாளரிடம் இருக்கின்றன. ஆணையிடும் அதிகாரம் இல்லாத நிலையில், பேச்சாலும் நடத்தையாலும் மட்டுமே அவர் மற்ற பத்துப் பேரைக் கட்டிக்காக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நம்மில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரிடம் கைப்பட்டையைக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் படி: சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தல்

1982 முதல் 2022 வரை நடந்த பதினோரு ஆண்கள் உலகக் கோப்பைகளை வென்ற அணிகளின் கேப்டன்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். டினோ ஸோஃப், இகேர் கசியாஸ், ஊகோ லோரிஸ் ஆகிய மூவர் கோல்கீப்பர்கள். கஃபு, ஃபாபியோ கன்னவாரோ, ஃபிலிப் லாம் ஆகிய மூவர் டிஃபென்டர்கள். லோதர் மத்தேயுஸ், துங்கா, டிடியே டெஷாம் ஆகிய மூவர் நடுக்கள வீரர்கள். தாக்குதலுக்குப் பெயர்பெற்றவர்கள் மரடோனா, மெஸ்ஸி ஆகிய இருவர் மட்டுமே. இதை வைத்து ஸ்ட்ரைக்கர் கேப்டனாகக் கூடாது என்று விதி செய்துவிட முடியாது. ஆனால் பின்னால் நின்று ஆடுபவருக்கு ஆட்டம் முழுவதும் முகத்துக்கு நேரே தெரிகிறது. முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கரோ பாதி நேரம் தன் அணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். யார் இடம் தவறி நிற்கிறார், யார் களைத்துவிட்டார் என்பதைக் கண்டு சொல்ல வேண்டியவருக்கு அந்தப் பார்வை பெரிய உதவி.

பயிற்சியின்போது மூன்று சமயங்களில் வீரர்களைக் கவனியுங்கள். தன் தவறால் கோல் விழுந்தபின் அடுத்த பந்தைக் கேட்டு வாங்குகிறாரா, அல்லது ஒதுங்கிக்கொள்கிறாரா என்பது முதலாவது. நடுவராக நிற்கும் உதவிப் பயிற்சியாளர் வேண்டுமென்றே தவறான தீர்ப்புக் கொடுத்தால் அவர் என்ன செய்கிறார் என்பது இரண்டாவது. மாற்று ஆட்டக்காரர்களோடும் புதிதாக வந்த இளையவர்களோடும் யார் தாமாகப் பேசுகிறார் என்பது மூன்றாவது. என் கணிப்பில் இதுவே மிக நம்பத்தக்க அடையாளம். உரக்கக் கத்துபவர் இயல்பாகக் கண்ணில் படுவார், ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு யாராவது இடம் மாறி நிற்கிறார்களா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பதினொருவரில் நிச்சயமான இடம் உள்ளவராக இருப்பதும் அவசியம். இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை பெஞ்சில் அமரும் கேப்டனால் அவருக்கும் தொல்லை, பயிற்சியாளருக்கும் தொல்லை. வீரர்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதைவிட, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "ஆட்டம் கைமீறிப் போகும்போது யார் பக்கம் திரும்பிப் பார்ப்பாய்?" என்று கேட்டுவிட்டு, பயிற்சியாளரே முடிவெடுப்பது நல்லது. துணைக் கேப்டனையும் அதே நாளில் அறிவித்துவிட வேண்டும். கேப்டன் பின்வரிசையில் ஆடினால் துணைக் கேப்டன் முன்வரிசையிலோ நடுக்களத்திலோ இருப்பது வசதி.

இரண்டாம் படி: ஆட்டத்துக்கு முந்தைய வாரம்

பயிற்சியாளரோடு கேப்டன் அமர்ந்து பேச வேண்டிய விஷயங்கள் அதிகம் இல்லை. ஒரு கோல் முன்னிலையில் கடைசிப் பத்து நிமிடத்தில் அணி எப்படி நிற்க வேண்டும், பின்தங்கியிருந்தால் யார் முன்னேற வேண்டும், பெனால்டி கிடைத்தால் யார் அடிப்பார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தால் போதும். பெனால்டி கிடைத்த பிறகு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாதாடுவதைப் பெரிய அணிகளிலேயே பார்க்கிறோம். அது முன்கூட்டிப் பேசாததன் விளைவு.

வீரர்களின் பக்கம் இன்னும் கூர்மையான கவனம் தேவைப்படுகிறது. கல்லூரி அணியில் ஒருவருக்குத் தேர்வு இருக்கும்; கிளப் அணியில் ஒருவர் இரவு ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வருவார்; வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆடும் வீரருக்குத் தமிழ் புரியாமல் பாதிப் பேச்சு கைநழுவிப் போகும். இவற்றைப் பயிற்சியாளருக்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவர் கேப்டன். காதில் விழுந்ததில் எதைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோவது, எதைத் தமக்குள் வைத்துக்கொள்வது என்று பிரித்தறிவதும் அவர் வேலைதான். உடல்நலமும் அணியின் ஒழுங்கும் சம்பந்தப்பட்டவை பயிற்சியாளருக்குப் போக வேண்டும், மற்றவை வேண்டியதில்லை.

இந்தப் பாலம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணி கண்கூடான சான்று. பயிற்சியாளர் ரேமோன் டொமினெக்கைத் திட்டியதற்காக நிக்கோலா அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதை எதிர்த்து, தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்துப் பேருந்துக்குள் சென்று அமர்ந்துகொண்டார்கள். கேப்டன் பத்ரீஸ் எவ்ரா உடற்பயிற்சியாளரோடு மைதானத்திலேயே மோதினார். வீரர்களின் அறிக்கையைப் பயிற்சியாளரே செய்தியாளர்களுக்கு வாசித்துக்காட்டும் அவலமும் நேர்ந்தது. முதல் சுற்றிலேயே அந்த அணி வெளியேறியது. வீரர்களின் குறையை எவ்ரா எடுத்துச் சொன்னதில் தவறில்லை. மூடிய அறைக்குள் முடிந்திருக்க வேண்டிய பேச்சு, உலகம் பார்க்கத் திறந்த வெளியில் வெடித்ததுதான் கேடு. ஆகவே குறைகளை அவை சிறியனவாக இருக்கும்போதே, தனியாகச் சந்தித்து, யார் சொன்னார் என்ற பெயரைத் தவிர்த்து, பயிற்சியாளரிடம் தெரிவித்துவிடுவதே முறை.

மூன்றாம் படி: டாஸ்

2019-இல் மாற்றப்பட்ட விதிப்படி, டாஸில் வென்ற அணி முதல் பாதியில் எந்த கோலை நோக்கித் தாக்குவது என்பதையோ கிக்-ஆஃப் எடுப்பதையோ தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்பு பக்கத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது. கிக்-ஆஃபால் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை என்பதால், பெரும்பாலும் பக்கத்தைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

கிழக்கு மேற்காக அமைந்த மைதானத்தில் மாலை நான்கு மணி ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பாதியில் சூரியன் தாழ்ந்து, கிழக்கு கோலில் மேற்கு நோக்கி நிற்கும் கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடிக்கும். எனவே முதல் பாதியில் நம் கோல்கீப்பர் கிழக்கு கோலில் நின்று குறைந்த வெயிலைச் சமாளித்துக்கொண்டால், இரண்டாம் பாதியில் அந்தத் தொல்லை எதிரணிக்குப் போகும். காலை ஏழு மணி ஆட்டத்தில் சூரியன் முதல் பாதியில்தான் தாழ்ந்திருக்கும். அப்போதும் நம் கோல்கீப்பர் கிழக்கு கோலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பதே நல்லது. இரண்டுக்கும் விடை ஒன்றாக அமைவது வேடிக்கைதான். மழை பெய்த மறுநாள் எந்த கோல் முகப்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் வார்ம்-அப் செய்யும்போதே நடந்து பார்த்துவிட வேண்டும்.

நான்காம் படி: களத்தில் பேச்சு

வட்டமாகத் தோளில் கைபோட்டு நின்று நீண்ட உரை ஆற்றும் வழக்கத்தால் எனக்குத் தெரிந்து பயன் குறைவு. படபடப்பில் இருக்கும் வீரரின் காதில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஏறாது. முதல் பத்து நிமிடம் எப்படி ஆடப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லிக் கலைந்துவிடலாம்.

ஆட்டத்துக்குள் பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பெயர், அடுத்து செய்ய வேண்டியது. "கார்த்தி, உள்ளே வா" என்றால் கார்த்தி உடனே நகர்வார். "உள்ளே வாங்கடா" என்றால் மூன்று பேர் வருவார்கள், அல்லது ஒருவரும் வரமாட்டார்கள். பந்தை வாங்கப்போகிறவரிடம் "பின்னாடி ஆளு" அல்லது "டைம் இருக்கு" என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வது அவருக்கு இன்னொரு ஜோடிக் கண் கொடுப்பதற்குச் சமம். தவறு நடந்து முடிந்தபின் "ஏன்டா விட்ட?" என்று கேட்பதால் எந்தத் தகவலும் போய்ச் சேர்வதில்லை, கேட்டவரின் எரிச்சல் தணிவது ஒன்றே லாபம். அந்த இடத்தில் "அடுத்த தடவை அவனை வெளிப்பக்கம் தள்ளு" என்று சொல்லலாம்.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்திருக்கும் தருணத்தை எடுத்துக்கொண்டால் கேப்டனின் வேலை துல்லியமாகத் தெரியும். பந்தை வைக்க ஆள் நடந்துபோகும் அந்தப் பதினைந்து இருபது வினாடிக்குள், பெனால்டி பெட்டிக்குள் வந்திருக்கும் எதிராளிகளை எண்ண வேண்டும். ஒவ்வொருவரையும் பிடித்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அருகிலுள்ள போஸ்டில் ஆள் இருக்கிறாரா என்று திரும்ப வேண்டும். பெட்டிக்கு வெளியே தனியாக நின்று ஷாட்டுக்குக் காத்திருக்கும் ஒருவரைக் காட்டி அனுப்ப வேண்டும். கோல் முன்னால் தூக்கி அடிக்காமல் அருகிலுள்ளவருக்குத் தட்டிவிடும் ஷார்ட் கார்னருக்கு எதிரணியில் இரண்டாமவர் ஓடினால் நம்மவரில் யார் போவது என்று சொல்ல வேண்டும். பந்து தலையால் அடித்து வெளியேற்றப்பட்டதும் வேலை முடியவில்லை. "வெளியே, வெளியே" என்ற குரலில் முழு வரிசையும் பெட்டியின் விளிம்புக்கு ஓடினால், உள்ளேயே தங்கிவிட்ட எதிராளிகள் ஆஃப்சைடில் மாட்டுவார்கள். அந்தக் குரல் ஒரு வினாடி தாமதித்தால், வெளியேற்றிய பந்து திரும்பவும் உள்ளே வந்து கோலுக்குள் போய்விடும்.

பாதி நேரத்தில் பேச்சு பயிற்சியாளருடையது. அவர் தொடங்குமுன், வெளியிலிருந்து தெரியாத ஒன்றிரண்டை மட்டும் கேப்டன் அவரிடம் சொல்லலாம். அவர்களுடைய இடது பேக் காலை நொண்டுகிறார் என்பதோ, நம்முடைய எட்டாம் எண் மூச்சு வாங்குகிறார் என்பதோ அந்த வகை.

ஐந்தாம் படி: நடுவரை அணுகுதல்

2024 யூரோ கோப்பையில், தீர்ப்பைப் பற்றி நடுவரிடம் விளக்கம் கேட்கக் கேப்டன் மட்டுமே வரலாம், வேறு யார் சூழ்ந்தாலும் மஞ்சள் அட்டை என்ற நடைமுறையை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ கொண்டுவந்தது. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால், அவருக்குப் பதிலாக ஒரு வெளிக்கள வீரரை முன்கூட்டியே குறிப்பிட்டுவிட வேண்டும். பின்னர் ஐஎஃப்ஏபியும் போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் பின்பற்றும்படி இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உள்ளூர்ப் போட்டிகளில் இது நடைமுறையில் இல்லாவிட்டாலும், நல்ல அணி தனக்குத் தானே இந்தக் கட்டுப்பாட்டை விதித்துக்கொள்ளலாம். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் நடுவர் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை, அட்டையைத்தான் எடுக்கிறார்.

கொடுத்த தீர்ப்பை மாற்றச் சொல்லி ஒருபோதும் பேசக்கூடாது, ஏனெனில் அது மாறப்போவதில்லை. அடுத்த தீர்ப்புக்காகப் பேச வேண்டும். "சார், அவங்க ஒன்பதாம் நம்பர் ஒவ்வொரு கார்னருக்கும் எங்க கீப்பர் கையைப் பிடிக்கிறார், அடுத்த தடவை கொஞ்சம் பாருங்க" என்று ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில், கைகளை உயர்த்தாமல், அருகில் நடந்துபோய்ச் சொல்லும் கேப்டனின் வார்த்தை நடுவரின் மனத்தில் நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனால் அந்த வார்த்தைக்கும் மதிப்பிருக்காது. ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

நம்முடைய வீரர் ஒருவர் சூடாகிவிட்டார் என்று தெரிந்தால், நடுவருக்கும் அவருக்கும் நடுவே புகுந்து, நெஞ்சில் கைவைத்துப் பின்னுக்குத் தள்ளிச் செல்வது கேப்டனின் வேலை. கேப்டனே சூடாகிவிட்டால் அதைச் செய்ய ஆளில்லை. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 110-ஆவது நிமிடத்தில், பிரான்ஸ் கேப்டன் ஸினடின் ஸிடான், இத்தாலி வீரர் மட்டராஸியை நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை பெற்றார். அணியின் சிறந்த பெனால்டி வீரரும் கேப்டனும் ஒரே நொடியில் வெளியேற, பெனால்டி ஷூட்-அவுட்டில் இத்தாலி 5-3 என்று வென்றது.

ஆறாம் படி: ஆட்டம் சாயும்போது

கோல் வாங்கிய பிறகான ஐந்து நிமிடம் மிக ஆபத்தானது என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம், வீரர்கள் உடனே சமன் செய்துவிடும் அவசரத்தில் இடம் விட்டு ஓடுவதுதான். அந்த அவசரத்தைத் தணித்ததில் உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவுக்கு இணையான உதாரணம் எனக்குத் தெரியாது. 1950 ஜூலை 16, உலகக் கோப்பையை முடிவுசெய்யும் ஆட்டம், ரியோவின் மரக்கானா மைதானம், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் ஃப்ரியாசா பிரேசிலுக்காக கோல் அடித்தார். வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆஃப்சைடு என்று சொல்லி ஆங்கிலேய நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் ஸ்பானிய மொழியில் வாதிடத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டதாகவும் சொல்வார்கள். கோல் செல்லும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பந்து நடுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள் கூட்டத்தின் ஆரவாரம் அடங்கிவிட்டது, அவருடைய வீரர்களுக்கு மூச்சு திரும்பிவிட்டது. ஸ்கியாஃபினோவும் கிஜ்ஜியாவும் அடித்த கோல்களால் உருகுவே 2-1 என்று வென்றது.

இன்று அதே வேலையைச் செய்தால் ஆட்டத்தைத் தாமதித்ததற்காக மஞ்சள் அட்டை நிச்சயம். ஆனால் செய்யத்தக்கது இன்றும் இருக்கிறது. பந்தை வலையிலிருந்து கேப்டனே எடுத்து, ஓடாமல் நடந்து வரலாம். வழியில் தவறு செய்த டிஃபென்டரின் தோளைத் தட்டலாம். நடுக்களத்தில் இரண்டு பேரை அழைத்து, முதல் ஐந்து பாஸ்களும் எளிதானவையாக இருக்கட்டும் என்று சொல்லலாம். நேரம் குறைவாக இருந்து பின்தங்கியிருந்தால் மட்டும் பந்தோடு ஓடி வர வேண்டும். எப்போது நடப்பது, எப்போது ஓடுவது என்ற அந்தக் கணிப்பைக் கடிகாரத்தையும் முகங்களையும் பார்த்துக் கேப்டனே எடுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடினமான நேரமும் வரும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ ஆட்டத்தில், டென்மார்க்கின் கிறிஸ்தியான் எரிக்சன் இதயம் நின்று சரிந்தார். கேப்டன் சிமோன் கியார் முதலில் ஓடிச்சென்றவர்களில் ஒருவராக அவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தினார். மருத்துவர்கள் வந்ததும் சக வீரர்களை வெளிப்புறம் பார்த்து வட்டமாக நிறுத்திக் கேமராக்களிலிருந்து அவரை மறைத்தார். மைதானத்துக்குள் வந்த எரிக்சனின் துணைவியைத் தேற்றினார். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் அவராலேயே தொடர முடியாமல் மாற்றப்பட்டார். நம் ஊர் மைதானங்களில் அணி மருத்துவரே இருக்கமாட்டார் என்பதால், முதலுதவி தெரிந்தவர் யார், முதலுதவிப் பெட்டி எங்கே, 108 வண்டி உள்ளே வர எந்த கேட் திறந்திருக்கிறது என்பதைக் கேப்டன் ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். தலையில் அடிபட்ட வீரர் "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து நின்றாலும், இரண்டு கேள்வி கேட்டுப் பதில் தடுமாறினால் பெஞ்சுக்குக் கைகாட்டிவிட வேண்டும்.

ஏழாம் படி: பெனால்டி ஷூட்-அவுட்

இங்கே டாஸ் இரண்டு முறை. எந்த கோலில் அடிப்பது என்பதற்கு ஒன்று. முதலில் அடிப்பது யார் என்பதற்கு மற்றொன்று. அடிக்கும் வரிசையை நடுவரிடம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. ஆகவே கண்ணில் தயக்கம் தெரியும் வீரரைக் கடைசி நொடியிலும் பின்னுக்கு நகர்த்தலாம். யாரையும் வற்புறுத்தக் கூடாது.

கேப்டன் கட்டாயம் அடிக்க வேண்டும், அதுவும் ஐந்தாவதாக அடிக்க வேண்டும் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. 2008-இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், செல்சியின் ட்ரோக்பா சிவப்பு அட்டையால் வெளியேற்றப்பட்டிருந்த நிலையில் ஐந்தாவது உதை அந்த அணியின் கேப்டன் ஜான் டெர்ரியிடம் வந்தது. அடித்தால் கோப்பை. ஈரத் தரையில் கால் வழுக்கிப் பந்து போஸ்டில் பட்டு வெளியேறியது. 2011 மகளிர் உலகக் கோப்பை இறுதியிலோ, 117-ஆவது நிமிடத்தில் ஜப்பானுக்குச் சமன் கோல் தேடித்தந்த கேப்டன் ஹோமாரே சாவா, அதன்பின் அவர்கள் அடித்த நான்கு உதைகளில் ஒன்றையும் அடிக்கவில்லை; ஜப்பான் 3-1 என்று வென்றது. நன்றாக அடிப்பவர் அடிக்கட்டும். தவறவிட்டவரை நடுக்கோட்டிலிருந்து போய் அழைத்துவருவது கேப்டனுடைய வேலை.

எட்டாம் படி: வென்றபின்னும் தோற்றபின்னும்

2012 ஏப்ரலில் ராயோ வயேகானோவை பார்சிலோனா 7-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில், கோலைக் கொண்டாட தியாகோவும் டானி ஆல்வெஸும் நடனமாடத் தொடங்கினர். கேப்டன் கார்லஸ் புயோல் ஓடிவந்து நிறுத்தி இருவரையும் திருப்பி அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, கல்லீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த எரிக் அபிடாலிடம் கைப்பட்டையைக் கொடுத்து, வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை முதலில் தூக்கச் சொன்னவரும் இதே புயோல்தான். வெற்றி நேரத்தில் அணியின் நடத்தை கேப்டனின் பொறுப்பு என்பதை இந்த இரண்டு செயல்களில் பார்க்கலாம்.

ரசிகர்களிடம் பேச வேண்டிய நிலையும் வரலாம். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. கேப்டன் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் மக்களைக் கேட்டுக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அது அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம். குறை சொல்லாமல் கேட்டுக்கொண்டதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது என்று நினைக்கிறேன்.

தோற்ற நாளில் உடைமாற்றும் அறையில் நீண்ட விசாரணை வேண்டாம். எதிரணிக்கும் நடுவர்களுக்கும் கைகொடுத்துவிட்டு, வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மறுநாள் பயிற்சியாளரோடு பேசும்போது, களத்துக்குள் தெரிந்தவற்றைச் சொல்ல வேண்டும்: எந்தக் கட்டத்தில் வரிசை பிளந்தது, யாருக்கு வலி இருக்கிறது, யார் தம்மைத் தாமே நொந்துகொண்டிருக்கிறார் என்று. கடைசியாகச் சொன்ன அந்த ஒருவருக்கு, பேச்சு முடிந்ததும் கேப்டனே ஃபோன் செய்து, அடுத்த பயிற்சி எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.